பத்தில் மூன்று பிள்ளைகளைக் காணோம்: அயர்லாந்து அரசின் இலவசப் பதிவேட்டுத் தளம் பற்றி

அயர்லாந்துக் குடும்பம் ஒன்றின் பழைய பிள்ளைகளைத் தேடுகிறீர்களா? காசு கட்டும் தளம் எதற்கும் போகும் முன் ஐரிஷ்ஜீனியாலஜி டாட் ஐஇ தளத்துக்குப் போய்விடுங்கள். அயர்லாந்து அரசு நடத்தும் தளம். உறுப்பினர் ஆக வேண்டாம், வங்கி அட்டை எண் கேட்காது. நூறு ஆண்டு தாண்டிய பிறப்புப் பதிவுகள், எழுபத்தைந்து ஆண்டு தாண்டிய திருமணப் பதிவுகள், ஐம்பது ஆண்டு தாண்டிய இறப்புப் பதிவுகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. வெறும் பெயர்ப் பட்டியலாக இல்லை, பதிவாளர் மை தொட்டு எழுதிய பக்கத்தின் படமாகவே இருக்கின்றன. 2016 செப்டம்பரில் இந்தப் படங்களை ஏற்றத் தொடங்கினார்கள். அதற்கு முன் ஒவ்வொரு பதிவுக்கும் பணம் கட்டி நகல் வாங்க வேண்டும். பிள்ளைகளைத் தேடுகிறவர் ஒரே பெயரில் இருபது பதிவைத் திறந்து பார்த்தால்தான் ஒன்று தேறும் என்பதால், இலவசம் என்பது இங்கே சின்ன விஷயம் இல்லை.

நான் தேடியது என் மாமியாருக்காக. தூத்துக்குடியில் பிறந்து, நர்ஸ் வேலைக்காகக் கார்க் நகருக்கு வந்து, இங்கேயே கல்யாணம் செய்துகொண்டவள் நான். கணவரின் அம்மா கெர்ரி மாவட்டத்துக்காரர், கில்லார்னிக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன், அவருக்கும் அது பிடித்துப் போய்விட்டது. அத்தையின் கொள்ளுப்பாட்டிக்கு எத்தனை பிள்ளைகள் என்பதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அத்தை ஏற்கெனவே ஒரு கட்டணத் தேடல் சேவையிடம் நல்ல தொகை கொடுத்து வம்சாவளி எழுதி வாங்கியிருந்தார். அதில் ஏழு பிள்ளைகள், அழகான அச்சில். 1911 கணக்கெடுப்புத் தாளைத் திறந்து பார்த்தால் கொள்ளுப்பாட்டி வேறு கணக்குச் சொல்லியிருக்கிறார்: உயிரோடு பிறந்தவை பத்து, இப்போது இருப்பவை ஆறு.

இந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1911 ஏப்ரல் 2 இரவு அயர்லாந்து முழுக்க எடுத்த கணக்கெடுப்பில், கல்யாணமான பெண்களிடம் மூன்று கேள்விகள் கேட்டார்கள். கல்யாணமாகி எத்தனை ஆண்டு? உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை? இன்று உயிரோடு இருப்பவர்கள் எத்தனை? கைம்பெண்களுக்கு இந்தக் கேள்வி இல்லை. ஆனால் பலர் பதில் சொல்லிவிட்டார்கள், அதை அலுவலர் கோடு போட்டு அடித்துவிட்டார். எங்கள் கொள்ளுப்பாட்டியும் அப்போது கைம்பெண்தான். கோட்டுக்கு அடியில் 10, 6 என்ற இரண்டு எண்களும் நன்றாகவே தெரிகின்றன. அடித்த எழுத்து என்று யாரும் தள்ளிவிடாதீர்கள். ஒரு தாய் தன் வாயால் சொன்ன கணக்கு அது ஒன்றுதான். 1901, 1911 தாள்கள் இரண்டும் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஏழு பேரில் ஒருவர் வாலிப வயதில் இறந்தது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆக இருப்பவர் ஆறு, கணக்குச் சரி. மீதி மூன்று பிள்ளைகள் எங்கே?

தளத்தில் தேடும் முறை எளிது. பெயர், குடும்பப்பெயர், ஆண்டு வரம்பு, பதிவு மாவட்டம் கொடுக்கலாம். முடிவைத் திறக்கும் முன் விண்ணப்பிப்பவர் பெயர் என்று ஒரு பெட்டி வரும், நம் பெயரை எழுதி ஒப்புக்கொள்கிறேன் என்று குறி போட வேண்டும். சட்டப்படி கேட்கிறார்கள், அவ்வளவுதான். பதிவு மாவட்டத்தை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். அது கிறிஸ்தவக் கோயிலின் எல்லையான பங்கும் இல்லை, கிராமமும் இல்லை. ஏழைகள் நலச் சட்டத்துக்காகப் பிரித்த எல்லை அது. கில்லார்னிப் பதிவு மாவட்டம் என்றால் மலைக்குப் பின்னால் இருக்கும் சிற்றூர்களும் அதில் அடங்கும். மாவட்ட எல்லையில் இருந்த குடும்பம் என்றால் பக்கத்து மாவட்டத்தையும் சேர்த்துத் தேடுங்கள்.

பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 1900க்கு முந்தைய பிறப்புகளில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரைக் கொடுத்துத் தேட முடியாது. படத்தில் அது இருக்கிறது, பட்டியலில் இல்லை. கெர்ரியில் இது பெரும்பாடு. சலிவன், ஓ'கானர், ஷே என்று நாலைந்து குடும்பப்பெயர்களே ஊர் ஊராக நிறைந்திருக்கும். 'ஓ' சேர்த்து ஒரு தாளில், சேர்க்காமல் மறு தாளில். அந்தக் காலத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு படமாகத் திறந்து தாயின் பெயரையும் டவுன்லேண்டையும் பார்ப்பதைத் தவிர வழி கிடையாது. டவுன்லேண்ட் என்பது அயர்லாந்தின் ஆகச் சின்ன நிலப் பிரிவு. நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன, பலவற்றில் நாலைந்து வீடுகள்தான். ஒரு குடும்பத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது பெயரைவிட இந்த ஊர்த்துண்டுதான்.

முதல் பிள்ளை கிடைத்தது பெயர் வைக்கும் வழக்கத்தால். அயர்லாந்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர் என்று வைப்பது பரவலான பழக்கம். எல்லாரும் அப்படியே செய்தார்கள் என்றில்லை, ஆனாலும் நல்ல தடயம். எங்கள் ஊரிலும் தாத்தா பாட்டி பெயரைத்தானே வைக்கிறோம், அதனால் எனக்கு உடனே உறைத்தது. கொள்ளுப்பாட்டியின் அம்மா பெயர் ஹொனோரா. ஏழு பிள்ளைகளில் நோரா என்று ஒருத்தி இருக்கிறாள், ஹொனோராவைச் சுருக்கினால் நோரா, ஆனால் அவள் மூத்த மகள் இல்லை, இரண்டாவது. கட்டணச் சேவை அவளுக்குப் பிறந்த ஆண்டு 1868 என்று போட்டிருந்தது. 1901 தாளிலோ அவள் வயது 25. வயதைக் கூட்டிக் குறைத்துச் சொல்வது அப்போது சகஜம்தான், ஆனால் கல்யாணமாகாத ஒரு பெண்ணுக்கு ஏழு வயது குறைகிறது என்றால் சந்தேகப்பட வேண்டும்.

கெர்ரியின் பங்குக் கோயில் பதிவேடுகளும் இதே தளத்தில் இருக்கின்றன. டப்ளின் நகரம், கார்லோ, கார்க்கின் ஒரு பகுதி ஆகியவற்றுக்கும் உண்டு. மற்ற மாவட்டத்துக்காரர்கள் தேசிய நூலகத்தின் தளத்துக்குப் போக வேண்டும். அங்கே நாடு முழுவதற்குமான கத்தோலிக்கப் பதிவேடுகளின் மைக்ரோஃபிலிம் படங்கள் சுமார் 1880 வரை இருக்கின்றன, 2015 ஜூலையிலிருந்து இலவசம். பதிவேடு பல இடங்களில் லத்தீனில் இருக்கும். ஜேம்ஸ் அதில் யாக்கோபுஸ், வில்லியம் குலியெல்முஸ். ஞானத்தாய், ஞானத்தந்தை பெயரையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அப்பா அம்மாவின் கூடப்பிறந்தவர்கள்தான் ஏந்தியிருப்பார்கள்.

ஞானஸ்நானப் பதிவேட்டில் 1868 டிசம்பர் 20 அன்று ஒரு ஹொனோரா. பெற்றோர் பெயர், ஊர் எல்லாம் பொருந்துகிறது, ஞானத்தாய் கொள்ளுப்பாட்டியின் தங்கை. சரி, அரசுப் பதிவில் அதே குழந்தை பிறந்த நாள் 1869 ஜனவரி 9. பிறப்பதற்கு மூன்று வாரம் முன்பே ஞானஸ்நானம்! இது பிழை இல்லை. 1864 ஜனவரி 1 முதல் அயர்லாந்தில் எல்லாரும் பிறப்பைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தது. குறித்த காலத்துக்குள் பதியாவிட்டால் அபராதம். மலையிலிருந்து இறங்கிப் பதிவாளரிடம் வர நாளாகிவிட்டால், பிறந்த நாளையே கொஞ்சம் தள்ளிச் சொல்லி அபராதத்திலிருந்து தப்பினார்கள். இந்த மாதிரி இரண்டு தேதி கண்டால் கோயில் தேதியை நம்புங்கள்.

இனி 1876க்குப் போனால் அதே பெற்றோருக்கு இன்னொரு ஹொனோரா. உயிரோடு இருக்கும் பிள்ளையின் பெயரைப் பொதுவாக அடுத்ததற்கு வைக்க மாட்டார்கள். அப்படியானால் முதல் ஹொனோரா அதற்குள் போய்விட்டாள். கட்டணச் சேவை இருவரையும் ஒருத்தியாக்கி, மூத்தவளின் பிறந்த நாளை இளையவளுக்குக் கொடுத்துவிட்டது. 1869க்கும் 1876க்கும் நடுவில் கில்லார்னி மாவட்டத்தில் அந்தப் பெயரில் இறந்த சிறுமிகளின் பதிவுகளைத் தேடினேன். 1874இல், அந்த ஊர்த்துண்டில், ஐந்து வயதில் ஒன்று.

அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் தளத்தின் மதிப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. பக்கத்துக்குப் பத்துப் பதிவுகள். இறந்த நாளும் இடமும், பெயர், பாலினம், மண நிலை, வயது. தொழில் என்ற கட்டத்தில் கூலியாளின் பிள்ளை என்று எழுதியிருக்கிறது. சாவுக்குக் காரணம் செங்காய்ச்சல், எட்டு நாள், மருத்துவர் பார்க்கவில்லை. தகவல் தந்தவர் கட்டத்தில் கொள்ளுப்பாட்டியின் பெயர், அதன் நடுவில் ஒரு பெருக்கல் குறி, மேலும் கீழுமாக 'அவர் இட்ட குறி' என்று பதிவாளர் கையெழுத்து, அடுத்து 'சாவின்போது உடனிருந்தவர்'. எழுதத் தெரியாத அந்த அம்மா இட்ட குறி அது. அதே பக்கத்தில் செங்காய்ச்சலில் போன குழந்தைகள் இன்னும் மூன்று, எல்லாம் பக்கத்து ஊர்த்துண்டுகள். நான் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறேன். இன்றைக்கு ஒரு பாட்டில் பெனிசிலினில் தீரும் காய்ச்சல் அது. பட்டியலில் மட்டும் பார்த்திருந்தால் ஒரு பெயரும் ஓர் ஆண்டும்தான் கிடைத்திருக்கும். எல்லாப் படத்தையும் திறந்து பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அயர்லாந்தின் அந்தக் கால இறப்புப் பதிவில் பெற்றோர் பெயருக்குக் கட்டமே கிடையாது. பிள்ளைகளைத் தேடுகிறவர்களுக்கு இதுதான் ஆகப் பெரிய முட்டுக்கட்டை. தகவல் தந்தவர் யார், ஊர்த்துண்டு எது, இந்த இரண்டையும் வைத்துத்தான் எந்தக் குழந்தை யாருடையது என்று சொல்ல முடியும்.

இரண்டாவது பிள்ளைக்குப் பிறப்புப் பதிவே இல்லை. முதல் சில பத்தாண்டுகளில் பதியாமலே விட்ட குடும்பங்கள் ஏராளம். 1876க்கும் 1880க்கும் நடுவில் இடைவெளி பெரிதாகத் தெரிந்ததால் கோயில் பதிவேட்டை மாதம் மாதமாகப் புரட்டினேன். 1878 மார்ச்சில் ஓர் ஆண் குழந்தைக்கு ஞானஸ்நானம். அதே நவம்பரில் கக்குவான் இருமலால் சாவு, எட்டு மாதம். பிறப்பைப் பதியாத குடும்பம் சாவை மட்டும் பதிந்திருக்கிறது. இந்த முறை குறி இட்டது அப்பா.

பிள்ளைகளுக்கு நடுவில் இரண்டு, இரண்டரை ஆண்டு என்பது அந்தக் குடும்பங்களில் வழக்கமான இடைவெளி. நான்கு ஆண்டு என்றால் நடுவில் ஒரு பிள்ளை இருந்திருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு தேடலாம். கல்யாணத்துக்கும் முதல் பிள்ளைக்கும் நடுவிலும் இதே கணக்குத்தான். எங்கள் கொள்ளுப்பாட்டிக்கு 1868 பிப்ரவரியில், தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் கல்யாணம். தவக்காலத்தில் கோயிலில் கல்யாணம் செய்ய மாட்டார்கள் என்பதால் பாதி ஊருக்கும் அந்த வாரத்தில்தான் முகூர்த்தம்.

மூன்றாவது பிள்ளை 1885இல் பிறந்த மகன். பிறப்புப் பதிவு தெளிவாகக் கிடைத்துவிட்டது. 1901இல் வீட்டில் இல்லை. பதினைந்து வயதுப் பையன்கள் வேறு வீட்டில் பண்ணை ஆளாக இருப்பது சாதாரணம், அதனால் கணக்கெடுப்பில் கெர்ரி முழுக்கத் தேடினேன், இல்லை. இறப்புப் பதிவில் அதே பெயரில், பொருந்தும் வயதில், 1889இல் ஒரு நான்கு வயதுப் பையன். இறந்த இடம் ஏழைகள் விடுதி. ஒர்க்ஹவுஸ் என்று இங்கே இன்றும் அந்தச் சொல்லைத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். ஆனால் விடுதியோடு மருத்துவமனையும் இருந்தது, ஏழைக் குடும்பங்கள் நோய்க்கு அங்கேதான் போனார்கள். தகவல் தந்தவர் விடுதி அலுவலர். ஊர்த்துண்டு பெயர் இல்லை. அவன்தான் இவன் என்று என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். இந்த இடத்தில் தளத்தால் ஆவது ஒன்றும் இல்லை. விடுதியில் சேர்த்த பதிவேடு எஞ்சியிருந்தால்தான் உறுதியாகும். அது ஒவ்வொரு விடுதிக்கும் மாறும், சில இடங்களில் நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்பேடு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. மாவட்ட ஆவணக் காப்பகத்தில் நேரில் கேட்பதுதான் வழி, எங்களுக்கு அது ட்ராலி. அத்தை அந்தப் பையனின் பெயருக்கு எதிரே கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார். அதுவே நேர்மையான வம்சாவளி.

1864க்கு முன்னால் போக வேண்டும் என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 1845க்கும் 1852க்கும் நடுவில் பெரும் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் போல இறந்தார்கள், அதைவிடக் கூடுதலானோர் கப்பலேறினார்கள். அந்தப் பிள்ளைகளின் சாவை எந்த அரசுப் பதிவேடும் எழுதவில்லை, கத்தோலிக்கப் பங்குகளில் அடக்கப் பதிவேடும் அரிது. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி 1922 ஜூன் 30 அன்று டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் எரிந்துபோனது. 1861, 1871 தாள்களை அரசே அழித்துவிட்டது. 1881, 1891 முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகப் போய்விட்டன.

ஆனால் ஒரு கதவு திறந்திருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. 1909 ஜனவரியிலிருந்து எழுபது வயதானவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் கொடுத்தார்கள். 1839க்கு முன் பிறந்ததை எதைக் காட்டி நிரூபிப்பது? 1841, 1851 கணக்கெடுப்பில் என் பெயரைத் தேடித் தாருங்கள் என்று விண்ணப்பித்தார்கள், அப்போது அந்தத் தாள்கள் எரியவில்லை. தேடிய அலுவலர் அந்த வீட்டில் கண்ட பெயர்களை விண்ணப்பத்திலேயே சில சமயம் எழுதி வைத்தார். அந்த விண்ணப்பங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இருக்கின்றன. எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த தாளில் 'காணப்படவில்லை' என்று மட்டும் இருந்தது. உங்களுக்கு ஒரு முழு வீடே கிடைக்கலாம், கட்டாயம் பாருங்கள்.

காணாமல் போன பிள்ளை என்றால் இறந்த பிள்ளை என்று மட்டும் நினைத்துவிடவும் கூடாது. 1848 முதல் 1850 வரை அயர்லாந்தின் ஏழைகள் விடுதிகளிலிருந்து நாலாயிரத்துக்கும் அதிகமான அநாதைப் பெண்களை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள், பெரும்பாலும் பதினான்கு முதல் பதினெட்டு வயது. கில்லார்னி விடுதியிலிருந்தும் போனார்கள். சிட்னியில் உள்ள பஞ்ச நினைவகத்தின் தளத்தில் அவர்கள் பெயர்களைத் தேடலாம். அமெரிக்காவுக்குப் போனவர்களைத் தேடி உறவினர்கள் கொடுத்த விளம்பரங்கள் பாஸ்டனில் வெளிவந்த 'பைலட்' செய்தித்தாளில் 1831 முதல் 1921 வரை வந்தன. பாஸ்டன் கல்லூரி அவற்றை இலவசமாகத் தேடும்படி செய்திருக்கிறது. எந்த மாவட்டம், எந்தப் பங்கு, எந்த ஆண்டு கப்பலேறினான் என்று அண்ணனும் அக்காவும் எழுதிய வரிகள் அவை.

கட்டணச் சேவைகள் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கெர்ரிக்கு இருப்பது போல இலவசக் கோயில் பதிவு இல்லாத மாவட்டம் என்றால், அந்தந்த மாவட்ட மரபு மையங்கள் எழுதி எடுத்த பதிவுகளைத் தரும் ரூட்ஸ்அயர்லாந்து தளத்துக்கு ஒரு மாதம் மட்டும் சந்தா கட்டலாம். பெற்றோர் இருவர் பெயரையும் கொடுத்துப் பிள்ளைகளைத் தேட முடிவது அதில் பெரிய வசதி. ஆனால் அங்கே கிடைக்கும் பெரும்பாலான பதிவுக்குப் படம் இருக்காது. எடுத்துக்கொண்டு மூலப் பக்கத்தைத் தேசிய நூலகத்தில் சரிபாருங்கள்.

வட அயர்லாந்துக்காரர்களுக்கு ஒன்று. 1921 வரையிலான பதிவுகளில் அந்த ஆறு மாவட்டங்களும் இந்த அரசுத் தளத்திலேயே இருக்கின்றன, இலவசம்தான். அதற்குப் பிந்தையவை பெல்ஃபாஸ்டில் உள்ள பதிவகத்தின் தளத்தில், படத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். முதலில் இந்த அரசுத் தளத்தில் முடிந்தவரை பார்த்துவிட்டு அங்கே போங்கள்.